பால் குடிக்கும் பிள்ளையும் பொறுமையுள்ள வைத்தியரும்



கோணிய கையோ காலோ உள்ள குழந்தை பிறந்துவிட்டால், வீட்டில் முதலில் எழுவது அழுகை. அடுத்து எழுவது பழி. கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாள் என்பார்கள். பிள்ளையைத் துணியால் மூடி மறைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டார் டாக்டர் பால் பிராண்டு அவர்களின் சரித்திரத்தை அறிவது நலம்.

அவர் 1914-ல் மிஷனரித் தாய் தந்தையருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-ல் தகப்பனார் மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். மகனோ வாலிபத்தில் கொத்து வேலையும் தச்சு வேலையும் பழகி, அதன் பிறகே வைத்தியம் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை, வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். உலகம் அவரை அறிந்தது இதனால்தான்.

ஆனால் தாய்மார்கள் அறியவேண்டியது வேறொன்று. பிறவியிலேயே பாதம் உட்புறம் திரும்பிய சிசுக்களும் அவரிடம் வந்தன. பலவந்தமாகத் திருப்பிய பாதம் பிற்காலத்தில் விறைத்துப்போகும் என்று அவர் கண்டிருந்தார். ஆகவே பிள்ளையைப் பசியோடு கொண்டுவரச் சொன்னார். அது தாய் மடியில் பால் குடிக்கும்போதே பாதத்தைச் சிறிதே திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். பிள்ளை பாலை விட்டு அழுதால், வைத்தியரின் கை அளவு மீறிவிட்டது என்று பொருள். அடுத்த கட்டில் இன்னும் சிறிது. இப்படியே பாதம் நேராகும்.

முன்கைக்கும் இதே பொறுமைதான் வேண்டும். சில குழந்தைகளுக்கு முன்கையில் பெருவிரல் பக்கத்து எலும்பு இல்லாமலோ குறைந்தோ இருக்கும். கை அப்பக்கமே மடங்கிக் கிடக்கும். பிறந்த சில நாட்களிலேயே கட்டுப்போட்டு, சதையை மெல்ல இளக்குவார்கள். தேவையானால் ஏறக்குறைய ஒரு வயதில் அறுவைச் சிகிச்சை செய்து, இருக்கிற எலும்பின் மேல் கையை நேராக அமர்த்துவார்கள். இப்பிள்ளைகளுக்கு இருதயத்தையும் இரத்தத்தையும் பரிசோதிப்பது அவசியம்.

பிராண்டு 1966-ல் அமெரிக்கா சென்று, 2003-ல் காலமானார். அவர் காட்டிய வழி நிற்கிறது. மணலி புதுநகர்த் தாய்மாரே, நீங்கள் வேலூர் வரை போகவேண்டியதும் இல்லை. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை சிகிச்சைக்கென்றே தனித்துறை உண்டு. பழி பேசி நாட்களைக் கழிக்காதீர்கள். எலும்பும் சதையும் இளசாக இருக்கும்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள்.