பந்து வீசலாம், தலைமை ஏற்கக் கூடாது: பல்வங்கர் பாலுவின் தேர்தல் பாடம்

இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் யார் என்று கேட்டால், வரலாறு அறிந்தவர்கள் பல்வங்கர் பாலுவின் பெயரைச் சொல்வார்கள். அவர் தீண்டப்படாதவராக நடத்தப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து வந்தவர் என்பது இன்று ஓரளவு அறியப்பட்ட செய்தி. 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றவர் என்பதும் நம் தோழர்கள் பலருக்குத் தெரியும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1933 இல், அவர் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றிருக்கிறார். அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோகும் நிகழ்வு அது. உள்ளாட்சித் தேர்தல்களில் ஒரு தலித் வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எதற்காக நிறுத்துகிறார்கள் என்று கேட்க வேண்டிய கடமையுள்ள நாம், அந்த ஒரு வரியைக் கடந்துபோக முடியாது.

பாலு 1876 இல் தார்வாரில் பிறந்தார். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சம்பார் சாதியைச் சேர்ந்த குடும்பம். கொங்கணக் கடற்கரையில் உள்ள பல்வண் என்ற ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. தந்தை ராணுவத்தில் பணியாற்றியதால் பாலு பூனாவில் வளர்ந்தார். வெள்ளை அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு அவரும் தம்பி சிவராமும் விளையாடக் கற்றார்கள். முதலில் கிடைத்த வேலை பார்சிகளின் கிரிக்கெட் மன்றம் ஒன்றில். ஆடுகளத்தைக் கூட்டிப் பெருக்கி உருளை இழுக்க மாதம் 3 ரூபாய் கூலி. பின்னர் ஐரோப்பியர்களின் பூனா மன்றத்தில் 4 ரூபாய். அங்கே வலை கட்டுவதும் கோடு போடுவதும் அவருடைய பணி. பயிற்சிக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஓய்வு நேரத்தில் பந்து வீசியும் வந்தார். ஜே.ஜி. கிரெய்க் போன்ற தேர்ந்த மட்டையாளர்களுக்கு மணிக்கணக்கில் வீசி வீசியே அவருடைய இடக்கைச் சுழல் கூர்மையடைந்தது. அந்த மன்றத்தில் மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. பந்து வீசுவது உழைப்பாகவும் மட்டை பிடிப்பது உரிமையாகவும் கருதப்பட்ட காலம் அது.

ஐரோப்பியர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை பூனாவின் இந்துக்களுக்கு வந்தபோது பாலு தேவைப்பட்டார். தீண்டப்படாத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற விவாதத்துக்குப் பிறகே அவர் அணியில் எடுக்கப்பட்டார். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு அரங்கத்துக்கு வெளியே மண் குவளையில் தேநீர் வந்தது. உணவுக்கும் தனி இடம். வெற்றிக்குத் தேவையான அளவுக்குத் தீட்டைத் தளர்த்திவிட்டு, வெற்றி கிடைத்ததும் அதைப் பழைய இடத்திலேயே நிறுத்தும் இந்த ஏற்பாட்டை நாம் மறக்கக் கூடாது. பாலுவின் அரசியல் வாழ்விலும் இதே ஏற்பாடு திரும்ப வரும்.

பம்பாய்க்கு வந்த பின் அவருடைய புகழ் வளர்ந்தது. 1906 இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை வென்றது. காலனி நாட்டில் அந்த வெற்றிக்கு அரசியல் பொருள் இருந்தது. அதில் பாலுவின் பந்துவீச்சுக்குப் பெரும்பங்கு உண்டு. 1911 இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அணி பல ஆட்டங்களில் தோற்றுத் திரும்பியது. பாலுவோ போற்றப்பட்டுத் திரும்பினார். ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். இளைஞர் அம்பேத்கருக்கும் அந்நாளில் அவர் மதிப்புக்குரிய முன்மாதிரி.

ஆயினும் இந்துக்கள் அணியின் தலைவர் பதவி அவருக்கு ஒருபோதும் முறையாகத் தரப்படவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அவரைவிடத் திறன் குறைந்த உயர்சாதியினரே தலைவர்களாயினர். 1920 இல் தம் குடும்பத்தின் தகுதி மீண்டும் புறக்கணிக்கப்பட்டதைக் கண்டித்துத் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். அந்த எதிர்ப்புக்குப் பின் பாலுவுக்குத் துணைத் தலைவர் பதவி கிடைத்தது. 1923 இல் விட்டல் தலைவரானார். அவர் தலைமையில் இந்துக்கள் அணி வென்றது. இதற்குக் கால் நூற்றாண்டு காலத் திறமை மட்டும் போதவில்லை. இருவர் வெளியே வந்து நின்ற எதிர்ப்பும் தேவைப்பட்டது.

இனி மாநகராட்சிக்கு வருவோம். நகராட்சி மன்றம் அன்று தலித்துகளுக்கு எத்தகைய இடம் என்பதை மகாடு காட்டுகிறது. பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923 இல் தீர்மானித்தது. அதை ஏற்று மகாடு நகராட்சி 1924 இல் சவுதார் குளத்தைத் திறப்பதாக அறிவித்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் அக்குளத்து நீரைப் பருகினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. குளத்தைத் திறந்ததும் மூடியதும் ஒரே மன்றம். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, சுடுகாடு, தூய்மைப் பணியாளரின் கூலி என அன்றாட வாழ்வின் தீண்டாமை அனைத்தும் நகராட்சியின் கோப்புகளில்தான் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அந்த மன்றத்தில் உட்காருபவர் யார் என்பது ஒரு குடத்துத் தண்ணீரை முடிவு செய்யும்.

1932 இல் பாலு தேசிய அரசியலின் நடுவே நின்றார். ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற அம்பேத்கரின் கோரிக்கையோடு அவர் உடன்படவில்லை. காந்தியார் மீது அவருக்குப் பற்று இருந்தது. தமிழ்நாட்டின் எம்.சி. ராஜா, இந்து மகாசபையின் மூஞ்சேயோடு கூட்டுத் தொகுதியை ஏற்று உடன்பாடு செய்தபோது பாலு அதை ஆதரித்தார். ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு தனித் தொகுதியை வழங்கியது. செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தியார் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோரோடு பாலுவும் அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர்.

அந்த ஒப்பந்தத்தைச் சட்டம் படித்தவர்களின் கண்ணோடு நாம் படிக்க வேண்டும். மாகாணச் சட்டமன்றங்களுக்கு அது தெளிவான எண் சொன்னது: 148 இடங்கள். உள்ளாட்சி மன்றங்களைப் பற்றி அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதற்காக உள்ளாட்சித் தேர்தலில் எவருக்கும் தடை இருக்கக் கூடாது, அவர்களுக்கு நியாயமான பிரதிநிதித்துவம் கிடைக்க முயற்சி எடுக்கப்படும் என்பது அதன் சாரம். அங்கே எண் இல்லை, ஒதுக்கீடு இல்லை, மீறினால் கேட்க வழியும் இல்லை. முயற்சி எடுப்பதாகச் சொல்வது வாக்குறுதி மட்டுமே. நீதிமன்றத்தில் நின்று கோரக்கூடிய உரிமை அதிலிருந்து பிறப்பதில்லை.

அந்த வாக்குறுதியின் மதிப்பு மறு ஆண்டே தெரிந்தது. 1933 இல் பாலு இந்து மகாசபையின் வேட்பாளராகப் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் நின்றார். அந்நகரில் அவரை அறியாதவர் இல்லை. இந்துக்களின் மானத்தை ஆடுகளத்தில் காத்தவர் என்று கொண்டாடப்பட்டவர். ஆனால் வாக்காளர் பட்டியல் வேறு கதை சொன்னது. 1922 இல் விரிவாக்கப்பட்ட பிறகும் மாநகராட்சி வாக்குரிமை வாடகைத் தொகையோடு கட்டப்பட்டிருந்தது. மாதம் 10 ரூபாய் வாடகை செலுத்துபவருக்கே அதில் இடம். ஆலைத் தொழிலாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஒண்டியிருந்த ஒற்றை அறைக் குடியிருப்புகள் பலவற்றின் வாடகை அந்த வரம்பை எட்டவில்லை. பாலுவின் சொந்த மக்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்கே வர முடியாத தேர்தல் அது. வர முடிந்தவர்களின் வாக்கு போதவில்லை. டாக்டர் பாவ்ரி என்ற பார்சி மருத்துவரிடம் அவர் தோற்றார்.

இதை ஒரு தனிமனிதரின் தோல்வியாக மட்டும் பார்ப்பது பிழை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பாலு, சாதி இந்துக்களின் மனமாற்றத்தை நம்பியவர். ஒதுக்கப்பட்ட இடத்தின் துணையின்றிப் பொதுக் களத்தில் நின்றவர். அவரைவிடப் புகழ்பெற்ற, அவரைவிட இணக்கமான ஒரு தலித் வேட்பாளரைப் பம்பாயில் தேடியிருக்க முடியாது. அவருக்கே நல்லெண்ணம் உதவவில்லை என்றால், பெயர் அறியப்படாத ஒரு சேரி இளைஞருக்கு அது எப்படி உதவும்?

1937 இல் கதை வேறு விதமாகத் திரும்பியது. மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் அம்பேத்கர் தமது சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பம்பாய் நகரத்தின் ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்றார். அவரை வீழ்த்தக் காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. பாலு தயக்கத்தோடுதான் சம்மதித்தார். சமயமாற்றம் குறித்து அவருக்கு அம்பேத்கரோடு கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் அந்த வேறுபாட்டுக்காக மட்டும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று நாம் நம்ப வேண்டியதில்லை. மகார் சமூகத்தில் பிறந்த தலைவருக்கு எதிராகச் சம்பார் சமூகத்தின் நாயகர் நிறுத்தப்பட்டார். ஒடுக்கப்பட்டோரின் உட்சாதிப் பிளவை ஒதுக்கீட்டுத் தொகுதியில் முதலீடாக்கும் கலைக்கு அது தொடக்க காலச் சான்று. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலு பெற்றவை 11,225. பூனாவில் மண் குவளையில் தேநீர் கொடுத்தவர்கள் ஐரோப்பியர்களை வெல்ல அவரைப் பயன்படுத்தினார்கள். பம்பாயில் அம்பேத்கரை வெல்லவும் அவரே தேவைப்பட்டார்.

பாலுவைத் துரோகி என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. 3 ரூபாய்க் கூலியிலிருந்து எழுந்து, ஒரு சாதி தனக்கு விதித்த எல்லையைத் தன் விரல்களால் உடைத்தவர் அவர். அவருடைய அரசியல் நம்பிக்கை தவறாக இருக்கலாம், அவருடைய கண்ணியம் தவறானதல்ல. 1955 இல் அவர் மறைந்தார். விசாரிக்கப்பட வேண்டியது அவரைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு இன்றும் முடியவில்லை. உள்ளாட்சியில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இட ஒதுக்கீட்டை நாடு முழுவதற்கும் அரசியலமைப்பே உறுதிசெய்தது 73, 74 ஆவது திருத்தங்களில்தான். அவை நடைமுறைக்கு வந்தது 1993 இல். பூனா ஒப்பந்தத்தின் வாக்குறுதி உரிமையாக மாற 61 ஆண்டுகள் ஆயின. அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்குத் தந்த விலையை நமக்கு மேலவளவு சொல்லும். ஒதுக்கீட்டு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இடத்தை ஒதுக்கிய சட்டம், அந்த இடத்துக்கான வேட்பாளரை யார் தேர்வது என்பதில் மௌனம் காக்கிறது. பூனா ஒப்பந்தத்திலாவது சட்டமன்றங்களுக்கு ஒரு முதற்கட்டத் தேர்தல் இருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வர் பட்டியலைத் தேர்வார்கள், அதிலிருந்து ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்வார்கள். குறைபாடுள்ள ஏற்பாடுதான். ஆயினும் நம் மக்களின் விருப்பம் முதலில் கேட்கப்பட்டது. இன்றைய ஒதுக்கீட்டு வார்டுகளில் அந்த முதல் கேள்வியும் இல்லை. கட்சியின் மாவட்டச் செயலாளர் ஒருவரைச் சுட்டுகிறார், ஊரின் பெரும்பான்மை ஒப்புகிறது, சேரிக்குச் செய்தி மட்டும் வருகிறது. சுழற்சி முறையில் வார்டு பொதுவாக மாறியதும் அந்த உறுப்பினரும் மறக்கப்படுகிறார்.

வரவிருக்கும் உள்ளாட்சித் தேர்தல்களில் இதை மாற்றச் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒதுக்கீட்டு வார்டு அறிவிக்கப்பட்ட உடனே, வேட்புமனு நாளுக்கு முன்பாக, அந்த வார்டின் தலித் குடியிருப்புகளில் மக்கள் கூட்டங்களை நடத்துவோம். போட்டியிட விரும்புவோர் எல்லோரையும் உட்சாதி பாராமல் அங்கே அழைத்துக் கேள்வி கேட்போம். மக்கள் ஏற்கும் பெயர்களை எழுத்தில் கட்சிகளுக்கு அனுப்புவோம். அவற்றை மீறி ஒருவரை நிறுத்தும் கட்சி, காரணத்தை அதே தெருவில் வந்து சொல்லட்டும். பொது வார்டுகளிலும் எத்தனை தலித்துகளுக்கு இடம் தந்தீர்கள் என்று ஒவ்வொரு கட்சியிடமும் எண்ணாகக் கேட்போம். முயற்சி எடுப்பதாக 1932 இல் சொன்ன பதில் நமக்கு இனி வேண்டாம்.

சட்டம் பயிலும் மாணவத் தோழர்களுக்கு இதில் தனிப் பணி உண்டு. வார்டு மறுவரையறை அறிவிக்கையைப் படித்துச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் விடுபட்ட பெயர்களை உரிய நாளுக்குள் சேர்த்துக் கொடுங்கள். மனு நிராகரிக்கப்படாமல் சாதிச் சான்றையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் சரிபார்த்துக் கொடுங்கள். பாலுவுக்கு வாக்களிக்கக் காத்திருந்தவர்களை அன்று 10 ரூபாய் வாடகை வெளியே நிறுத்தியது. இன்று ஒரு காகிதம் அந்த வேலையைச் செய்யாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.