டிக்கெட்டுக்குக் காசு சேர்த்த ராஜா

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்களிடம் கிங் ஆலிவர் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். 1923-ம் ஆண்டு அவருடைய குழு வாசித்த தட்டு கீறலோடு கிடைத்தாலும் அவர்களுக்குப் புதையல்தான். அந்தப் பாட்டுகள் எல்.பி. தட்டாகவும் பிறகு சி.டி.யாகவும் திரும்பத் திரும்ப வெளிவந்து விற்றிருக்கின்றன. ஆனால் அவற்றை வாசித்த மனிதர், கடைசிக் காலத்தில் பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றைப் பெருக்கித்தான் வயிறு கழுவினார்.

குருவும் சீடனும்

ஜோசப் ஆலிவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 1880-களில் பிறந்த கறுப்பர். வளர்ந்தது நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. அவர் கற்றது கார்னெட் என்ற ஊதுகருவி. டிரம்பெட்டைப் போன்றது, அதைவிடக் குட்டையானது. தெரு ஊர்வலம், சவ ஊர்வலம், நடன விடுதி எல்லாவற்றிலும் வாசித்தார். கோப்பை, கண்ணாடித் தம்ளர், புட்டி என்று கையில் கிடைத்ததைக் கார்னெட்டின் வாயில் வைத்து அடைத்து, குழந்தை அழுவதுபோல் ஊதுவார். சக கலைஞர்களே அவருக்கு ராஜா பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

அதே ஊரில் ஓர் ஏழைப் பையன் அவர் வீட்டுக்கு வந்து கடைகண்ணி வேலை செய்து கொடுப்பான். பதிலுக்கு ஆலிவர் அவனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். தம்முடைய பழைய கார்னெட் ஒன்றையும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்.

1917-ல் நியூ ஆர்லியன்ஸின் கேளிக்கைப் பேட்டை அரசு உத்தரவால் மூடப்பட்டது. அந்த நாளில் பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் வடக்கே ரயிலேறினார்கள். ஆலிவரும் சிகாகோ போய்ச் சேர்ந்தார். அங்கே லிங்கன் கார்டன்ஸ் நடனக் கூடத்தில் அவர் குழு வெற்றிக்கொடி நாட்டியது. 1922-ல் ஆள் அனுப்பி ஆம்ஸ்ட்ராங்கையும் வரவழைத்துக் கொண்டார். குருவும் சீடனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஊத, கேட்கவே கூட்டம் நெரிந்தது.

ரயில் போகும் வரை

1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் குழு இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகருக்குப் போய் ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தது. பியானோ ஆலை ஒன்று நடத்திய ஜென்னெட் என்ற கம்பெனி அது. ஒலிப்பதிவு அறைக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டி வந்தால் வாசிப்பை நிறுத்த வேண்டும். போன பிறகுதான் மறுபடி ஆரம்பம். வெள்ளை வெறிக் கூட்டமான கு கிளக்ஸ் கிளானுக்கும் அதே ஆலை காசு வாங்கிக்கொண்டு தட்டு அடித்துக் கொடுத்தது. அப்படிப்பட்ட இடத்தில்தான் கறுப்பர் இசையின் பொக்கிஷம் பதிவானது.

அப்போது மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழாயைப் பார்த்து எல்லோரும் வாசிப்பார்கள். அந்த ஒலியின் அதிர்வில் ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்று, மரக்கட்டையைத் தட்டித் தாளம் போட்டார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் பலமாக இருந்ததால் அவரைத் தள்ளிப் பின்னால் நிறுத்தினார்களாம். இவ்வளவு இடைஞ்சலையும் மீறி அந்தத் தட்டுகளில் உயிர் துடிக்கிறது.

சரிவு

1924-ல் ஆம்ஸ்ட்ராங் தனி வழி போனார். 1927-ல் நியூயார்க்கின் காட்டன் கிளப் ஆலிவரைக் கூப்பிட்டது. சம்பளம் போதாது என்று அவர் மறுத்தார். அந்த இடத்துக்கு வந்த டியூக் எல்லிங்டன் உச்சிக்குப் போனார். ஆலிவருக்கோ ஈறு நோய் முற்றியது. பல் ஆடினால் கார்னெட் ஊத முடியுமா? பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கி திவாலாகிச் சேமிப்பும் போயிற்று. 1931-க்குப் பிறகு ஒலிப்பதிவு இல்லை. தென் மாநிலங்களில் ஓட்டை பஸ்ஸில் குழுவோடு அலைந்தார். கடைசியில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் பழக்கடை போட்டார், கூடம் பெருக்கினார்.

நியூயார்க்கில் இருந்த சகோதரியிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. டிக்கெட்டுக்காகச் சில்லறை சேர்ப்பதாக அவளுக்குக் கடிதம் எழுதினார். டிக்கெட் வாங்க முடியவில்லை. 1938 ஏப்ரலில் சவானாவிலேயே காலமானார். சகோதரி வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தைச் செலவழித்து உடலை நியூயார்க்குக்கு வரவழைத்து அடக்கம் செய்தாள். கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்க அவளிடம் காசு இல்லை.

டிரங்குப் பெட்டியில் பிழைத்த இசை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இறந்த பிறகுதான் ஆயிரம் பொன் ஆயிற்று. 1930-களிலேயே கல்லூரி இளைஞர்கள் சிலர் பழைய தட்டுப் பைத்தியமாகி, பழஞ்சாமான் கடைகளிலும் கறுப்பர் குடியிருப்புகளில் வீடு வீடாகவும் தேடினார்கள். ஜென்னெட்டின் தட்டு வியாபாரம் பெருமந்தத்தில் படுத்துவிட்டது. மூலப் பதிவுகளைப் பேணுவாரில்லை. ஏழைக் குடும்பங்கள் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்த தேய்ந்த தட்டுகள்தான் மிஞ்சின. 1950-களில் ரிவர்சைட் கம்பெனி ஜென்னெட் பாட்டுகளை எல்.பி.யாக மறுபதிப்புச் செய்தபோது, இப்படிப்பட்ட தட்டுகளிலிருந்தே நகல் எடுக்க வேண்டியிருந்தது. ஜூலூஸ் பால் என்ற பாட்டின் மூலத்தட்டில் ஒரே ஒரு பிரதிதான் கிடைத்திருப்பதாகச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள்.

அவர்கள் ஏன் ஒரே பாட்டின் ஐந்தாறு மறுபதிப்புகளை வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். அந்தக் காலத்துத் தட்டு சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றுதான் என்று சொல்ல முடியாது. வேகம் கொஞ்சம் கூடினால் சுருதி ஏறிவிடும், குறைந்தால் இறங்கிவிடும். 2006-ல் வந்த முழுத் தொகுப்பில் நல்ல பிரதிகளைத் தேடிப் பிடித்து, இரைச்சலைக் குறைத்து, வேகத்தையும் சரிசெய்தார்கள். ஒவ்வொரு மறுபதிப்பிலும் முன்பு கேட்காத ஏதோ ஒரு வாத்தியம் காதில் விழும்.

இந்த வியாபாரத்தில் ஒரு காசுகூட ஆலிவர் கைக்குப் போகவில்லை. அவர் ஊதிய மூச்சை மட்டும், பேர் தெரியாத ஏழை வீட்டுக்காரர்கள் பெட்டியில் பூட்டிக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.