யார் இந்த ஹூகோ யுங்கர்ஸ்? 97 வருஷம் கழித்துத் திரும்பி வந்த விமானம்

கேஸ் கீசர் தயாரித்தவர், விமானம் செய்தால் எப்படி இருக்கும்? 1859-ல் ஜெர்மனியில் பிறந்த ஹூகோ யுங்கர்ஸ், ஐம்பது வயதையொட்டித்தான் விமானம் பக்கம் வந்தார். மரமும் துணியும்தான் விமானம் என்றிருந்த காலம் அது. 1919-ல் பறந்த அவரது எஃப் 13, உலகின் முதல் முழு உலோகப் பயணிகள் விமானம். 300-க்கும் மேல் தயாரானது.

1933-ல் நாஜி அரசு மிரட்டி, காப்புரிமைகளையும் கம்பெனியையும் பிடுங்கிக்கொண்டது. வீட்டுக்காவலில் வைக்கப்பட்டவர், 1935-ல் தன் 76-வது பிறந்தநாளன்றே இறந்தார். பிறகு அவர் பெயரில் பறந்த யு 87, யு 88 குண்டுவீச்சு விமானங்களில் அவருக்குப் பங்கே இல்லை.

2016-ல் சுவிட்சர்லாந்தில் எஃப் 13 மறுபடி பறந்தது. அதே வடிவம், அதே நெளிநெளித் தகடு. எஞ்சின் மட்டும் வேற. ஆர்டர் கொடுத்தால் செய்து தருகிறோம் என்று விற்பனைக்கும் வைத்தார்கள். பிடுங்கப்பட்ட பெயர், கடைசியில் ஒரு பயணிகள் விமானத்துக்கே வந்து சேர்ந்தது.