யூரி ககாரின் எப்படி இறந்தார்? 12 நிமிடப் பயணமும் அரை நூற்றாண்டு சந்தேகங்களும்

துபாய் விமானக் கண்காட்சியில் 2025 நவம்பர் 21 அன்று சாகசம் காட்டிக்கொண்டிருந்த தேஜஸ் போர் விமானம் தரையில் மோதி வெடித்த வீடியோ, கொஞ்ச நேரத்திலேயே எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. கோவை சூலூரில் பணியாற்றிய விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார்.

சேக்காடு, பட்டாபிராம் பக்கம் இருப்பவர்களுக்குத் தேஜஸ் ஒன்றும் தூரத்துச் செய்தி இல்லை. அந்த விமானத்தின் இன்ஜின் சுழற்சியை ஹைட்ராலிக் பம்ப், ஜெனரேட்டர் போன்றவற்றுக்குக் கொண்டுசேர்க்கும் கியர்பாக்ஸ், ஆவடி சி.வி.ஆர்.டி.இ. ஆய்வு நிறுவனத்தில் உருவானது. (அதை வைத்து விபத்துக்கு முடிச்சுப் போட வேண்டாம்!) விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் அறிக்கைக்கு யார் காத்திருந்தார்கள்? சமூக வலைதளங்களில் அன்று இரவே ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

பயிற்சியில் இருந்த ஒரு ஜெட் விமானம் விழுந்து, ஏன் விழுந்தது என்ற கேள்வி தலைமுறை தாண்டியும் ஓயாமல் போன கதை ஒன்று உண்டு. அதில் இறந்தவர், விண்வெளிக்குப் போன முதல் மனிதர்.

விண்வெளி நாயகன், ஆனால் பறக்கத் தடை

யூரி ககாரின் 1934 மார்ச் 9-ல் சோவியத் ரஷ்யாவின் குளுஷினோ கிராமத்தில் பிறந்தார். அப்பா தச்சர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை வீட்டைப் பிடித்துக்கொண்டதால், குடும்பமே மண் குடிசையில் வாழ வேண்டியிருந்தது. பிறகு வார்ப்படத் தொழில் கற்றார். சரடோவில் படிக்கும்போது ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்தார். அங்கிருந்து ஓரன்பர்க் விமானப்படைப் பள்ளி, மிக்-15 ஜெட் என்று போனது வாழ்க்கை.

1961 ஏப்ரல் 12-ல் வோஸ்தோக்-1 கலத்தில் 108 நிமிடங்கள். அதன் பிறகு ஊர் ஊராக, நாடு நாடாக வரவேற்பு. அதே ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கும் வந்து நேருவைச் சந்தித்தார்.

ஆனால் ஒரு விமானிக்கு இதைவிடக் கொடுமை இருக்க முடியாது: பறக்க விடவில்லை. உலகமே கொண்டாடும் ஒருவரை இழந்துவிடக் கூடாது என்று சோவியத் அரசு பயந்தது. 1967 ஏப்ரலில் அவருடைய நண்பர் விளாதிமிர் கொமரோவ், சோயுஸ்-1 பாராசூட் சரியாக விரியாததால் இறந்தார். அந்தப் பயணத்துக்கு மாற்று வீரராக இருந்தவர் ககாரின்தான். விண்வெளிக் கதவும் அத்தோடு மூடிக்கொண்டது.

1968 பிப்ரவரியில் பொறியியல் பட்டம் வாங்கியவர், மறுபடியும் தனியாக ஜெட் ஓட்ட அனுமதி கேட்டார். அதற்கு முன் பயிற்றுநருடன் பறந்து காட்ட வேண்டும். நம்ம ஊர் ஆர்.டி.ஓ. டெஸ்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1968 மார்ச் 27

மாஸ்கோ அருகே சக்கலோவ்ஸ்கி விமானத்தளம். இரண்டு பேர் அமரும் மிக்-15 பயிற்சி விமானம், 1956-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் தயாரானது. உடன் வந்தவர் விளாதிமிர் செர்யோகின், உலகப் போரில் சண்டையிட்டு உயரிய விருது பெற்ற அனுபவசாலி. வானிலை மோசம், இரண்டு அடுக்கு மேகம். இறக்கைகளின் கீழே கூடுதல் எரிபொருள் டேங்குகள் வேறு. அவை இருந்தால் விமானத்தை வெட்டி ஒடித்துத் திருப்புவது கடினம்.

காலை 10.18 வாக்கில் கிளம்பினார்கள். வளைவுகள், பாய்ச்சல்கள் போன்ற எளிய சாகசப் பயிற்சிகள்தான் திட்டம். 10.30-க்கு, வேலை முடிந்தது, தளத்துக்குத் திரும்புகிறோம் என்று ககாரின் வானொலியில் தெரிவித்தார். குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கிர்ஷாச் நகருக்கு அருகே காட்டில் விமானம் விழுந்தது. இருவரும் இறந்தார்கள். ககாரினுக்கு வயது 34.

காரணம் என்னவாக இருக்கலாம்?

முதலில் வதந்தி. குடித்திருந்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. பரிசோதனையில் மதுவின் தடயமே இல்லை. வெடிகுண்டு, சதி என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. மோதும்போது இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்படியானால் நல்ல விமானம் ஏன் விழ வேண்டும்? போர் விமானத்தை அளவுக்கு மீறி வெடுக்கென்று இழுத்தால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை தாண்டிவிடும். வேகம் இருந்தாலும் இறக்கைக்குத் தூக்கும் சக்தி போய்விடும். ஒரு பக்கம் மட்டும் முதலில் செயலிழந்தால் விமானம் பம்பரம் போலச் சுழன்று இறங்கும். மீட்க முடியும், ஆனால் உயரம் வேண்டும். ககாரின், செர்யோகின் இருவரும் கிட்டத்தட்ட மீட்டுவிட்டார்கள் என்பதுதான் வேதனை. மோதும் நேரத்தில் விமானத்தின் மூக்கு மேலே எழத் தொடங்கியிருந்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். மேகத்தை விட்டு வெளியே வந்தபோது தரை மிக அருகில் இருந்தது. இன்னும் ஓரிரு விநாடி போதுமாக இருந்திருக்கலாம்.

சரி, எதற்காக அப்படி இழுத்தார்கள்? இங்கேதான் சண்டை.

வானிலை பலூன் ஒன்றைத் தவிர்க்கத் திடீரெனத் திருப்பியிருக்கலாம் என்றது அரசு விசாரணை. ஓய்வுபெற்ற கர்னல் இகோர் குஸ்னெட்சோவ் வேறு சொன்னார்: காக்பிட்டின் காற்றுத் துவாரம் சரியாக மூடப்படவில்லை, அதைக் கவனித்து வேகமாகக் கீழே இறங்கும்போது இருவரும் நினைவிழந்திருக்கலாம்.

மூன்றாவது விளக்கம் அலெக்ஸி லியோனோவுடையது. விண்வெளியில் முதலில் நடந்தவர், ககாரினின் நண்பர். அன்று பக்கத்துப் பகுதியில் பாராசூட் பயிற்சியை மேற்பார்த்துக்கொண்டிருந்தவர், அடுத்தடுத்து இரண்டு வெடிச் சத்தம் கேட்டார். எஸ்யூ-15 ஜெட் ஒன்று அனுமதித்த உயரத்தைவிட மிகக் கீழே இறங்கி, ககாரினின் விமானத்தை 10, 15 மீட்டர் இடைவெளியில் கடந்தது என்பது அவர் வாதம். சி.டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போனால் நம்ம டூவீலர் எப்படி ஆட்டம் காணும்? அதே கதைதான், ஆனால் ஒலியின் வேகத்தில். மூன்றில் இதுதான் அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆனாலும் இரண்டு அடுக்கு மேகமும் கூடுதல் டேங்கும் இல்லாதிருந்தால், அந்த உலுக்கலைக்கூடச் சமாளித்திருக்கலாம்.

பூட்டிய கோப்பு

விசாரணை அறிக்கை 29 தொகுதிகள். அத்தனையும் ரகசியம்! தொழில்நுட்பம், வானிலை, மருத்துவம் என்று நிபுணர்கள் குழுகுழுவாகப் பிரிந்து உழைத்தார்கள், மக்களுக்குக் கிடைத்ததோ வதந்தி மட்டும். பலூன் பற்றிய முடிவே 2011 ஏப்ரலில், வோஸ்தோக் பயணத்தின் பொன்விழாவின்போதுதான் வெளியே வந்தது. தன் வாக்குமூலத்தில் இரண்டு சத்தங்களுக்கு இடையே ஒன்றரை, இரண்டு விநாடி என்று எழுதியதை, யாரோ 15 முதல் 20 விநாடி என்று மாற்றியிருந்ததாக லியோனோவ் பின்னாளில் குற்றம்சாட்டினார்.

2013-ல் அவர் இதை வெளிப்படையாகப் பேசினார். எஸ்யூ-15 விமானி அப்போது 80 வயது முதியவர், உடல்நலம் சரியில்லாதவர். பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பேசவே அனுமதி கிடைத்தது. லியோனோவ் 2019 அக்டோபரில், தன் 85-வது வயதில் காலமானார்.