ஒரிஜினல் இன்ஜின் இல்லை... ஆனாலும் அதே கார்தான்! யார் இந்த வுல்ஃப் பர்னாட்டோ?

லண்டனில் 1990-ல் ஒரு வினோதமான வழக்கு நடந்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பழைய பென்ட்லி காரை 10 மில்லியன் பவுண்டுக்கு வாங்க ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. பிறகு பின்வாங்கியது. 1929, 1930 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த கார் இது இல்லை என்பது அவர்களின் வாதம். ஜெயித்தபோது இருந்த இன்ஜின் இதில் கிடையாது. சேஸி? அதுவும் கிடையாது.

அப்போ, 10 மில்லியன் எதற்கு?

இதற்கு விடை வேண்டுமென்றால், அந்த காரை ஓட்டியவரின் கதைக்குப் போக வேண்டும். ஏனென்றால், இன்ஜினை மாற்றச் சொன்னதே அவர்தான். பெயர், வுல்ஃப் பர்னாட்டோ.

வைர முதலாளியின் மகன்

1895-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா பார்னி பர்னாட்டோ, லண்டனின் ஏழைகள் வாழும் பகுதியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிக்குப் போய் வைரத்தில் சம்பாதித்தவர். செசில் ரோட்ஸுக்கே போட்டியாக நின்ற ஆள். 1897-ல் கப்பலில் இங்கிலாந்து திரும்பும்போது கடலில் விழுந்து இறந்துபோனார். மகனுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. பெரிய சொத்து மட்டும் கைக்கு வந்தது.

கேம்பிரிட்ஜ் படிப்பு, முதல் உலகப் போரில் பீரங்கிப் படை, அதன்பிறகு முழுக்க விளையாட்டு. குத்துச்சண்டை போட்டார். சர்ரே அணிக்கு விக்கெட் கீப்பராக முதல்தர கிரிக்கெட்டும் ஆடினார். ஆள் நல்ல வாட்டசாட்டம். அதனாலேயே கிண்டலாக 'பேப்', அதாவது பாப்பா என்று பட்டப்பெயர்.

டபிள்யூ.ஓ. பென்ட்லி 1919-ல் தொடங்கிய கார் நிறுவனத்துக்கு நல்ல பெயர் இருந்தது, காசு இல்லை. பென்ட்லி கார் ரசிகரான பர்னாட்டோ 1926-ல் பணத்தைக் கொட்டி அந்த நிறுவனத்தின் சேர்மன் ஆனார். பிடித்த கார் என்பதற்காக கம்பெனியையே வாங்கிய கதைதான்.

மூன்றுக்கு மூன்று

பணக்காரரின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. லே மானில் அவர் இறங்கியது மூன்றே முறை. மூன்றிலும் முதலிடம். 1928-ல் பெர்னார்ட் ரூபினுடன் ஓட்டியபோது, கடைசிக் கட்டத்தில் சேஸியில் விரிசல் விழுந்து, ரேடியேட்டர் தண்ணீரும் வெளியேறிவிட்டது. கொதிக்கும் இன்ஜினோடு காரைக் கோட்டைத் தாண்ட வைத்தார். 1929-ல் டிம் பிர்கினுடன், 1930-ல் கிளென் கிட்ஸ்டனுடன். இந்த இரண்டு வெற்றிகளும் ஒரே ஸ்பீட் சிக்ஸ் காரில். அதுதான் ஓல்டு நம்பர் ஒன்.

1930 மார்ச்சில் இன்னொரு சாகசம். பிரான்சின் புகழ்பெற்ற 'புளூ டிரெய்ன்' ரயிலைவிட வேகமாகப் போய்க் காட்டுகிறேன் என்று 100 பவுண்டு பந்தயம் கட்டினார். கான் நகரில் கிளம்பினார். ரயில் கலே துறைமுகத்தைத் தொடுவதற்குள் இவர் கடல் தாண்டி லண்டனுக்கே வந்துவிட்டார்!

எந்த காரில் வந்தார்? பல பத்தாண்டுகளாக எல்லோரும் காட்டியது, கர்னி நட்டிங் நிறுவனம் பாடி கட்டிய அழகான கூபே ஒன்றை. ஓவியம்கூட வரைந்துவிட்டார்கள். பழைய பதிவுகளை ஒருவர் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த கூபே பர்னாட்டோ கைக்கு வந்ததே 1930 மே மாதம். மார்ச்சில் ரயிலை முந்தியது வேறொரு பென்ட்லி, பார்க்க சாதாரணமான மல்லினர் சலூன்.

நம்பர் சொல்வதும் சொல்லாததும்

பழைய காரின் இன்ஜின் ஒரிஜினலா என்று பார்ப்பதும் இதே வேலைதான். நம்ம பைக் ஆர்.சி-யில் சேஸி நம்பர், இன்ஜின் நம்பர் என இரண்டு இருக்கும் இல்லையா? பழைய கார்களிலும் அப்படித்தான். இன்ஜின் பிளாக்கிலோ கிராங்க்கேஸிலோ குத்தப்பட்ட எண்ணை, அந்த சேஸி தொழிற்சாலையிலிருந்து வெளியேறியபோது பதிவேட்டில் எழுதப்பட்ட எண்ணோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால் 'மேட்சிங் நம்பர்ஸ்'. விலை எகிறும்.

விலை எகிறுவதால் ஏமாற்றும் உண்டு. பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புதிதாகக் குத்துவார்கள். அதனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எழுத்தின் வடிவம், ஆழம், வரிசை அந்தத் தொழிற்சாலையின் பாணியில் இருக்கிறதா, சுற்றியுள்ள உலோகத்தில் அரைத்த தடம் தெரிகிறதா, வார்ப்பில் உள்ள குறிகள் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்றெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். சர்வீஸ் பதிவுகள், பழைய போட்டோக்கள், யார் யாரிடம் கைமாறியது என்ற காகிதங்கள் தனி.

ரேஸ் காரில்தான் சிக்கலே. அது வீட்டு வாசலில் நின்ற கார் இல்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் கழற்றுவார்கள், தேய்ந்ததைத் தூக்கிப் போடுவார்கள், இன்னும் வலுவானதை மாட்டுவார்கள். ஒரு ரேஸ் காரில் எல்லாமே ஒரிஜினல் என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

1932, புரூக்லேண்ட்ஸ்

1931-ல் பென்ட்லி திவாலானது. பொருளாதார மந்தம். இந்த முறை பர்னாட்டோ கைகொடுக்கவில்லை. கம்பெனி ரோல்ஸ் ராய்ஸிடம் போனது. அவர் வாழ்க்கையில் இன்றும் விமர்சிக்கப்படும் முடிவு இது. ஓல்டு நம்பர் ஒன் மட்டும் அவரிடம் இருந்தது.

1932 செப்டம்பரில் புரூக்லேண்ட்ஸில் 500 மைல் பந்தயம். அதற்காக காரின் 6.5 லிட்டர் இன்ஜினை இறக்கிவிட்டு 8 லிட்டர் இன்ஜின் ஏற்றப்பட்டது. சேஸியும் மாறியது. ஓட்டியவர்கள் ஜாக் டன்ஃபீ, கிளைவ் டன்ஃபீ என்ற சகோதரர்கள். ஜாக்கிடமிருந்து ஸ்டியரிங் கிளைவ் கைக்கு வந்தது. சரிவான ட்ராக்கின் மேல் விளிம்பைத் தாண்டி கார் பறந்தது. கிளைவ் அங்கேயே இறந்துபோனார்.

மிஞ்சியதை வைத்து பர்னாட்டோ காரை மறுபடி கட்டினார், இந்த முறை சாலையில் ஓட்ட ஒரு கூபே. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றிய அவர், 1948 ஜூலையில் 52 வயதில் காலமானார். கார் கைமாறிக்கொண்டே போனது. பின்னால் வந்தவர்கள் அதைப் பழையபடி திறந்த ரேஸ் காராக மாற்றினார்கள்.

தீர்ப்பு

42 ஆண்டுகள் கழித்து, அதே ஜூலையில் நீதிபதி ஓட்டன் தீர்ப்பு சொன்னார். 1930-ல் லே மான் ஜெயித்த காரில் மிச்சம் இருப்பதாக அவர் கணக்கிட்டது பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் காலம். அவ்வளவுதான்! எனவே, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் 'ஒரிஜினல்' என்று இதைச் சொல்ல முடியாது என்றார்.

ஆனால், இது ஓல்டு நம்பர் ஒன்தான் என்றும் தீர்ப்பளித்தார். பாகங்கள் ஒரே நாளில் மாறவில்லை; வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக, அதே காருக்குள்தான் மாறின. அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோர உலகில் வேறு காரும் இல்லை. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் வழக்கில் தோற்றார்கள்.

அப்போது அந்த பானெட்டுக்குள் இருந்தது லே மான் ஜெயித்த இன்ஜின் அல்ல. புரூக்லேண்ட்ஸுக்காக பர்னாட்டோ ஏற்றச் சொன்ன, கிளைவ் டன்ஃபீ கடைசியாக ஓட்டிய அந்த 8 லிட்டர் இன்ஜின்.