லிட்டில் என்றொரு டாக்டர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, பாலம், கான்கிரீட் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். நான் எழுத வந்திருப்பதோ 1894-ல் காலமான ஒரு லண்டன் டாக்டரைப் பற்றி. காரணம் என் அக்கா பையன்.

அக்கா வீடு பென்னாகரம் பக்கம். பையனுக்கு ஏழு வயது, பெருமூளை வாதம். முழங்கால் ரெண்டும் இடிக்க, பாதம் உள்பக்கம் திரும்ப, முன்விரலில் ஊன்றி நடப்பான். பத்தடி போவதற்குள் விழுந்துவிடுவான். தொடை எலும்பை வெட்டித் திருப்பி வைக்கலாம் என்றார் டாக்டர். கோளாறு மூளையில் என்றால் எலும்பை ஏன் வெட்டணும் என்று அக்கா என்னைக் கேட்டாள். பதில் தேடப் போய்த்தான் லிட்டிலைச் சந்தித்தேன்.

வில்லியம் ஜான் லிட்டில் 1810-ல் பிறந்தார். அப்பா விடுதி நடத்தியவர். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது பாதம் கோணிவிட்டது. பள்ளியில் ஒரே கேலி. (நம்ம ஊர் மாதிரித்தான்.) டாக்டருக்குப் படித்தும் சொந்தக் காலுக்கு வழியில்லை. தசைநாணை வெட்டினால் சீழ் பிடித்து உயிரே போகலாம் என்று பயந்த காலம். ஜெர்மனியின் ஹானோவரில் ஸ்ட்ரோமேயர் என்பவர், தோலில் சிறு துளை மட்டும் போட்டு உள்ளேயே குதிகால் தசைநாணை வெட்டுகிறார் என்று தெரிந்தது. 1836-ல் லிட்டில் அங்கே போய்த் தன் காலை நீட்டினார். ஈதர் மயக்க மருந்து வர இன்னும் பத்து வருஷம் இருந்தது! வெட்டிய பிறகு கட்டை கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாதத்தை நிமிர்த்தினார்கள். மறு வருஷமே லண்டனில் மற்றவர்களுக்கு அதைச் செய்ய ஆரம்பித்தார். கோணல் கால்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியும் தொடங்கினார்.

1861-ல் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். குறைமாதம், கஷ்டப் பிரசவம், பிறந்ததும் மூச்சுத் திணறல் இவற்றால்தான் குழந்தையின் கைகால் விறைக்கிறது என்றார். கால்கள் விறைக்கும் வகைக்கு லிட்டில் நோய் என்றே பெயர் வந்தது. பிற்பாடு ஃப்ராய்டு (மனோதத்துவ ஃப்ராய்டேதான்) 1897-ல் மறுத்தார்: கோளாறு வயிற்றிலேயே தொடங்கி, கஷ்டப் பிரசவம் அதன் அடையாளமாக இருக்கலாமே என்று. பிரசவ நேரத்து மூச்சுத் திணறலால் வருவது ஒரு சிறு பங்குதான் என்பது இன்றைய கணக்கு. அக்காவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். அவள் சரியாக முக்கவில்லை என்று மாமியார் ஒருநாள் சொன்னதை ஏழு வருஷமாகச் சுமக்கிறாள்.

இனி எலும்பு. லிட்டில் கண்ணால் பார்க்க முடியாதது இது. எக்ஸ்ரே வந்ததே அவர் இறந்த மறு வருஷம், 1895-ல். பிறக்கும்போது எல்லோருக்கும் தொடை எலும்பு 30, 40 டிகிரி முறுக்கோடு இருக்கும். நின்று, ஓடி வளர வளர 15 டிகிரிக்குக் குறையும். விறைத்த தசையோடு தாமதமாக நடக்கும் பிள்ளைக்கு அந்த முறுக்கு அப்படியே தங்கிவிடும். கோணிய பாதம் நல்ல நெம்புகோல் ஆகாது. ஸ்பேனரைக் கோணலாகப் பிடித்து நட்டைத் திருப்பிப் பார்த்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மூளையின் காயம் வளர்வதில்லை, எலும்பு வளர்கிறதே! பேலன்ஸ் மட்டும் ஆபரேஷனோடு வந்துவிடாது. மாதக்கணக்கில் பயிற்சி செய்யணும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

லிட்டில் எத்தனை வயசு வரை இருந்தார் என்று பையன் கேட்டான். 83 என்றேன். மே மாதத்துக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். துணைக்கு மாமியாரும் வருகிறார்.