ஒரு சிட்டிகை உப்பும் ஒரு குழந்தையின் மூளையும்: யார் இந்த ராமலிங்கசுவாமி? தூத்துக்குடிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

கோடையில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? முள்ளக்காடு தாண்டினால் இருபக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம். ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். கண் கூசும் வெள்ளை. இந்தக் கடற்கரைக்குப் பெயர் வாங்கித் தந்த முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நின்றுபோனது. உப்பு நிற்கவில்லை. இன்றும் நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்குத்தான். அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது.

ஆனால், 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் ஆய்வு ஒரு சங்கடமான செய்தியைச் சொன்னது. போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம் மட்டுமே. மாநிலங்களில் கடைசி இடம். உப்பு விளைகிற ஊரிலேயே இந்த நிலை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அதைப் புரிந்துகொள்ள, 2001-ல் மறைந்த ஒரு டாக்டரின் கதைக்குப் போக வேண்டும். அவர் பெயர் வுலிமிரி ராமலிங்கசுவாமி.

ஸ்ரீகாகுளம் டு குன்னூர்

1921 ஆகஸ்ட் 8 அன்று ஸ்ரீகாகுளத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருக்கிறது, அன்று சென்னை மாகாணம். விசாகப்பட்டினம் ஆந்திரா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் படிப்பு, பிறகு ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சிப் பட்டம். வெளிநாட்டுப் படிப்பு முடித்தவர்களுக்கு நகரத்தில் நல்ல பிராக்டிஸ் காத்திருந்த காலம் அது. இவரோ நோயாளியின் நாடியைப் பிடிக்காமல் மைக்ராஸ்கோப்பைப் பிடித்தார். நோய்க்குறியியல்தான் அவர் துறை.

ஆரம்ப வருடங்களில் அவர் வேலை பார்த்த இடம் நம்ம ஊர். நீலகிரி மாவட்டம் குன்னூரில் அப்போது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் இயங்கியது. பின்னாளில் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனதும் அதுதான். புரதம் கிடைக்காமல் வாடும் உடம்புக்குள் என்ன நடக்கிறது, கல்லீரல் எப்படிக் கெடுகிறது என்று அங்கே ஆராய்ந்தார். சாப்பாட்டில் ஒரு சின்ன பொருள் குறைந்தால் ஒரு குழந்தையின் வாழ்க்கையே எப்படி மாறும் என்ற கேள்வி, அதன் பிறகு அவரை விடவே இல்லை.

காங்க்ராவில் நடந்தது என்ன?

இமயமலை அடிவாரத்தில் கிராமம் கிராமமாக மக்களுக்குக் கழுத்தில் வீக்கம். முன்கழுத்துக் கழலை என்று சொல்வோமே, அதுதான். பனியும் மழையும் பல்லாயிரம் வருடங்களாக அந்த மண்ணில் இருந்த அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்டன. மண்ணில் இல்லை என்றால் பயிரில் இல்லை, தண்ணீரில் இல்லை, சாப்பிடுகிறவர் உடம்பிலும் இல்லை.

தைராய்டு சுரப்பிக்கு ஹார்மோன் தயாரிக்க அயோடின் வேண்டும். கிடைக்காதபோது, வருகிற கொஞ்சநஞ்சத்தையும் பிடித்துவைக்க அது வீங்குகிறது. கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது இன்னும் மோசம். அந்த ஊர்களில் காது கேளாமல், பேச்சு வராமல், வளர்ச்சி குன்றி, மூளை வளர்ச்சி இல்லாமல் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதை விதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

1956-ல் காங்க்ரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசுவாமியும் சக ஆராய்ச்சியாளர்களும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். அது இன்று ஹிமாச்சலப் பிரதேசம், அன்று பஞ்சாப். சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் போன உப்பில் பொட்டாசியம் அயோடைடு. இன்னொன்றில் பொட்டாசியம் அயோடேட். நடுவில் இருந்த பகுதிக்கு வழக்கமான வெறும் உப்பு. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. மக்கள் எப்போதும்போல சமைத்துச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் கழலை பாதிப்பு சுமார் 38 சதவீதம். ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், அயோடின் போன இரண்டு பகுதிகளிலும் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியிருந்தது. வெறும் உப்பு போன பகுதியில் அசையவே இல்லை. காரணம் அயோடின்தான் என்று அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அந்த நடுப் பகுதி மக்கள் என்ன பாவம் செய்தார்கள்? இன்றைய ஆராய்ச்சி நெறிமுறையில் இந்தக் கேள்வி கண்டிப்பாக எழும். அன்று பள்ளத்தாக்கு முழுக்க சாப்பிட்டது வெறும் உப்புதான். உப்பில் கலந்து கொடுத்தால் இவ்வளவு பெரிய மக்கள்தொகையில் வேலை செய்யுமா என்பதும் உறுதியாகத் தெரியாது. முடிவு தெரிந்ததும் அவர்களுக்கும் அயோடின் உப்பு போனது. அங்கேயும் கழலை குறைந்தது. 1962-ல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது.

கழுத்திலிருந்து தொப்புள்கொடிக்கு

ஆனால், இந்தக் கதையின் முக்கியமான பகுதி கழுத்து இல்லை, கரு.

கர்ப்பத்தின் முதல் பாதியில் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு சொந்தமாகப் போதிய தைராய்டு ஹார்மோன் தயாரிக்கத் தெரியாது. அம்மாவிடமிருந்து வருவதை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. அம்மாவுக்கு அயோடின் குறைந்தால் அந்த சப்ளை குறையும். பிறந்த பிறகு எவ்வளவு கொடுத்தாலும் கருவில் விட்டுப்போனதை முழுசாக ஈடுகட்ட முடியாது.

குறைமாதக் குழந்தைகளுக்கு இது இன்னும் சிக்கல். 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு அம்மாவின் ஹார்மோன் திடீரென நின்றுபோகிறது. சொந்த தைராய்டோ இன்னும் தயாராகவில்லை, அதில் அயோடின் சேமிப்பும் குறைவு. அதனால் பிறந்த முதல் சில வாரங்கள் ஹார்மோன் அளவு தாழ்ந்தே இருக்கும். குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தப் பரிசோதனையை இந்தக் குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்து மறுபடியும் செய்யச் சொல்வது இதனால்தான். முதல் டெஸ்ட்டில் பிரச்சினை பிடிபடாமல் போகலாம்.

1969 முதல் பத்து வருடம் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் இயக்குநராக இருந்தார் ராமலிங்கசுவாமி. பிறகு 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர். காங்க்ரா ஆய்வின் தொடர் பணியில் இருந்த எய்ம்ஸ் குழுவினர், உத்தரப் பிரதேசத்தில் அயோடின் குறைந்த மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். தைராய்டு குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் அங்கே மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். அதுவரை அழகுப் பிரச்சினையாகப் பார்க்கப்பட்ட கழலை, ஒரு தலைமுறையின் அறிவுத்திறன் பிரச்சினை ஆனது. நாட்டில் சாப்பாட்டுக்கு விற்கும் உப்பு முழுவதும் அயோடின் உப்பாக வேண்டும் என்ற முடிவு 1984-ல் வந்தது.

எடை குறைந்து பிறப்பது ஏன்?

பதவிகள் முடிந்த பிறகும் அவர் குழந்தைகளை விடவில்லை. 1996-ல் யுனிசெஃப் வெளியீட்டில் இன்னும் இருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஆப்பிரிக்காவைவிட தெற்காசியாவில் குழந்தைகள் அதிகமாக ஊட்டச்சத்து இல்லாமல் இருப்பது ஏன் என்பதுதான் கேள்வி. உணவு உற்பத்தி, வறுமை, சைவ சாப்பாடு என்ற வழக்கமான பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதுவும் போதாது என்று ஒதுக்கினார்கள்.

அவர்கள் வந்து நின்ற இடம் பிரசவ அறை. இந்தியாவில் மூன்றில் ஒரு குழந்தை எடை குறைவாகப் பிறந்துகொண்டிருந்தது. சகாராவுக்குத் தெற்கே அது ஆறில் ஒன்று. குழந்தை எடை குறைவாகப் பிறப்பதற்குக் காரணம், அம்மாவே சரியாகச் சாப்பிடாமல், ஓய்வில்லாமல், வீட்டில் கடைசி ஆளாக நடத்தப்படுவது. பெண்ணின் நிலை மாறாமல் குழந்தையின் எடை மாறாது என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

அப்படியானால் தூத்துக்குடியில் என்ன பிரச்சினை?

கடல் பக்கத்தில் இருக்கிறோம், கடல் உப்பு சாப்பிடுகிறோம், நமக்கு ஏன் அயோடின் தட்டுப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. கடல்நீர் காய்ந்து விளையும் உப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகமிகக் குறைவு. தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. மீன் அடிக்கடி சாப்பிடுகிறவருக்கு ஓரளவு கிடைக்கும். தினமும் எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கட்டாயமாக்குவதில் சர்ச்சையும் உண்டு. அயோடின் தெளிக்கும் இயந்திரம், பரிசோதனை, பேக்கிங் என்று சிறு உற்பத்தியாளர்களுக்குச் செலவு கூடுகிறது. பெரிய கம்பெனிகளுக்குத்தான் லாபம், என்ன உப்பு சாப்பிடுவது என்பது என் விருப்பம் என்ற வாதங்கள் வந்தன. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 1998-ல் மத்திய அரசு தடை போட்டது. 2000-ல் அதே தடை விலக்கப்பட்டது.

அடுத்த வருடம், 2001 மே 28 அன்று, ராமலிங்கசுவாமி டெல்லியில் காலமானார். நாற்பது வருட உழைப்பின் பலன் சட்டத்தில் இல்லாத ஒரு நேரத்தில் அவர் போனார். தடை 2006-ல் திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

கல்லுப்போ தூள் உப்போ, பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று இருக்கிறதா பாருங்கள். நம் கைக்கு வரும்போது உப்பில் குறைந்தது 15 பி.பி.எம் அயோடின் இருக்க வேண்டும். உதிரியாக வாங்கும் உப்பில் இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ட்ரெண்டில் இருக்கும் இளஞ்சிவப்பு 'இமயமலை உப்பு', இந்துப்பு இவற்றிலும் இயற்கையாகப் போதிய அயோடின் கிடையாது. திறந்த உப்பை ஈரம் படாமல், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் மூடி வையுங்கள். இதற்காக உப்பைக் கூடுதலாகச் சாப்பிட வேண்டாம், அது ரத்த அழுத்தத்துக்கு ஆகாது.

கர்ப்பமாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை, மற்ற பெரியவர்களுக்கு 150. ஒருவருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும் அயோடினைச் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூன் நிறையாது.

அந்த ஒரு டீஸ்பூனை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோவதுதான் ராமலிங்கசுவாமியின் வாழ்நாள் வேலை. தமிழ்நாட்டில் பத்தில் நான்கு வீடுகளுக்கு அது இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.